ஒன்பது பறக்கும் படகுகளுக்கு ஒரு கால அட்டவணை

ஹில்டா ஆர்மராய்ட் பதினெட்டு வருஷம் லங்காஷயரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். பாடமும் நன்றாகத்தான் நடத்துவாள். ஆனால் அவள் பேர் எடுத்தது வேறு ஒன்றில். பதினாலு ஆசிரியர்கள், பதினோரு அறைகள், மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஒரு பியானோ. அந்தப் பியானோவைத் தள்ளிக்கொண்டு போக நாலு பெரிய பையன்கள் வேண்டும். அந்த நாலு பேருக்கும் அப்போது தச்சு வகுப்பு இருக்கக் கூடாது. சமையல் வகுப்பில் முட்டைக்கோஸ் வேகிற நாளில் பக்கத்து அறையில் பரீட்சை வைக்க முடியாது. இதெல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் அடக்கி, ஒவ்வொரு செப்டம்பரிலும் கால அட்டவணை போடுவது ஹில்டாதான். தலைமை ஆசிரியர் ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார். முதல் செவ்வாய்க்கிழமையே மூன்று வகுப்புகள் மைதானத்தில் வந்து நின்றன.

போர் வந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கடல்மேல் பறந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானப்படைப் பிரிவுக்குக் கணக்குத் தெரிந்த ஆட்கள் தேவை என்றார்கள். போனாள். அங்கே இருந்த மேதைகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். ஒருவர் அணுவை ஆராய்ந்தவர். இன்னொருவர் வண்டுகளை. பிரிவின் தலைவர் டாக்டர் கிட்டோ போருக்கு முன் மீன் முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர். இவர்கள் எல்லாரும் உட்கார்ந்து, ஒரு குண்டு எத்தனை அடி ஆழத்தில் வெடித்தால் நல்லது, கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது எத்தனை கப்பல் சேர்ந்து போனால் சேதம் குறைவு என்று கணக்குப் பார்த்துத் தளபதிகளிடம் சொல்வார்கள். தளபதிகள் முதலில் கோபப்படுவார்கள், அப்புறம் கேட்டுக்கொள்வார்கள்.

ஹில்டாவை மட்டும் ஒரு ஜன்னலில்லாத அறையில் ஆறு பெண்களோடு உட்காரவைத்துக் கூட்டல் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தளத்திலிருந்தும் வாராவாரம் படிவங்கள் வரும். பதினோரு பத்தி. கீழே கூட்டுத்தொகை. பதினோரு மாதம் கூட்டினாள். கனவிலும் கூட்டினாள்.

அப்படிக் கூட்டும்போதுதான் வேல்ஸ் கடற்கரையில் இருந்த போர்த்லாஸ் தளத்தின் படிவம் அவள் கண்ணை உறுத்தியது. ஒன்பது பறக்கும் படகுகள். தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்குகிற பெரிய விமானங்கள். தினமும் காலை எட்டு மணிக்கு ஒன்பதில் ஆறு 'தயார்' என்று படிவம் சொன்னது. ஒரு நாளும் ஆறுக்குக் குறையவில்லை. ஆனால் ஆறு வாரத்தில் மொத்தம் எண்பது ரோந்துதான் போயிருந்தன. அப்படியென்றால் அந்த ஆறும் பெரும்பாலான நாள் என்ன செய்துகொண்டிருந்தன? தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. பார்வைக்கு அழகாக.

இது பியானோவை யாரும் வாசிக்காமல் தினமும் துடைத்துவைப்பது மாதிரி என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. ஒரு பக்கத்தில் எழுதினாள். தயாரான படகு அன்றைக்கே பறக்க வேண்டும். காலையில் எத்தனை தயாராக நிற்கின்றன என்று பார்ப்பதை விட்டுவிட வேண்டும். ஆறு ரோந்துக்கு ஒருமுறை கரையேற்றிச் சோதனை செய்வதை அட்டவணை போட்டுச் செய்தால் அதே ஒன்பது படகில் நூற்றுப்பத்து ரோந்து போகலாம்.

டாக்டர் கிட்டோ படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் ஆர்மராய்ட், இதை அந்தத் தளத்துக்கு யாராவது போய்ச் சொல்லணுமே."

"யார் போவாங்க டாக்டர்?"

"நான் போனா மீன்காரன்னு சிரிப்பாங்க. நீங்களே போங்க."

ஆறு வாரம் கொடுத்தார்கள். நூற்றுப்பத்து வந்தால் அவள் களத்திலேயே இருக்கலாம், அட்டவணை மற்ற தளங்களுக்கும் போகும். வராவிட்டால் ஜன்னலில்லாத அறை, அதே நாற்காலி, பதினோரு பத்தி. நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக மேற்பார்வை அம்மா அன்போடு சொன்னாள். அந்த அன்புதான் ஹில்டாவை அதிகம் பயமுறுத்தியது.

போர்த்லாஸில் பெண்களுக்குத் தங்குமிடம் இல்லை. பழுதுபார்ப்புக்குத் தலைவரான சார்ஜன்ட் ஐவர் ப்ரொதெரோ உள்ளூர்க்காரர், தளத்துக்கு வெளியே சொந்த வீட்டில் இருப்பவர். அவர் மனைவி க்வென் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஆக, பகலெல்லாம் யாரோடு சண்டை போட வேண்டுமோ அவர் வீட்டிலேயே சாயங்காலம் சாப்பாடு.

சார்ஜன்ட் ஐம்பது வயது, பீப்பாய் மாதிரி உடம்பு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கீழ்க்குரல். ஹில்டாவின் அட்டவணையை முதல் நாளே நின்றபடி படித்தார்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்ஜன்ட்."

"உங்க ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு எஞ்சின்ல எண்ணெய் ஒழுகுமா?"

"மூக்கு ஒழுகும்."

சுற்றி நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். சார்ஜன்ட்டும் சிரித்திருப்பார்; மீசையை இழுத்துச் சமாளித்துக்கொண்டார். பின்னால் கரும்பலகையைக் காட்டினார். ஒன்பது எழுத்துகள், ஒன்பது படகுகள். தயாரானதற்கு எதிரே வெள்ளை வட்டம், கரையில் சோதனையில் இருப்பதற்குச் சிவப்பு. ஆறு வெள்ளை, மூன்று சிவப்பு.

"நாலு வருஷமா இந்தப் பலகையில வெள்ளை ஆறுக்குக் கீழ போனதில்ல. மேலேருந்து யார் வந்தாலும் முதல்ல பாக்கறது இதைத்தான். இதைக் கெடுக்கச் சொல்றீங்க."

"கெடுக்கத்தான் சொல்றேன்."

"நல்லது. தெரிஞ்சே சொல்றீங்களான்னு பாத்தேன்."

தளத்தின் தலைவரான விங் கமாண்டர் லசெல்ஸ் உத்தரவு போட்டுவிட்டார், அதனால் சார்ஜன்ட் தடுக்கவில்லை. முதல் வாரம் படகுகள் பறந்த பறப்பில் பதினேழு ரோந்து. ஹில்டா அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது முறை உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் ஒன்பது.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நிறையப் பறந்ததால் ஐந்து படகுகளுக்கு ஒரே நேரத்தில் சோதனைத் தவணை வந்துவிட்டது. ஐந்தும் கான்கிரீட் சரிவில் சக்கரம் மாட்டி இழுக்கப்பட்டுக் கரையேறி வரிசையாக நின்றன. படிவப்படி ஒரு சோதனைக்கு ஒன்பது நாள். அவள் அதை வைத்துத்தான் அட்டவணை போட்டிருந்தாள். இப்போதோ பத்து, பதினொன்று என்று இழுத்துக்கொண்டே போனது. பலகையில் ஐந்து சிவப்பு. விங் கமாண்டர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"இந்த வாரம் ஒன்பதுக்கு மேல வராது. மொத்தம் இருபத்தாறு," என்றாள் ஹில்டா செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில். "மிச்ச நாலு வாரத்துல எண்பத்தி நாலு வேணும்."

"வாரத்துக்கு இருபத்தொண்ணு," என்றார் சார்ஜன்ட் உடனே. "வராது."

"வாயைத் தொறந்தா நல்ல வார்த்தை வருதா பாரு," என்றாள் க்வென். "ஹில்டா, நீ சாப்பிடு. இந்த மனுஷன் எங்க கல்யாணத்தன்னிக்கே மழை வரும்னு சொன்னவர்."

"வந்துச்சா இல்லையா?"

"வேல்ஸ்ல என்னிக்குய்யா வரல?"

மறுநாளிலிருந்து ஹில்டா அலுவலகத்தை விட்டுச் சரிவின் ஓரம் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்துகொண்டாள். கையில் நோட்டு, கழுத்தில் கடிகாரம். எந்தப் படகின்மேல் எத்தனை பேர், எத்தனை நேரம் என்று குறித்தாள். மெக்கானிக்குகள் அவளைக் கடக்கும்போது "உள்ளேன் டீச்சர்!" என்று கத்தினார்கள். அவளும் சளைக்காமல் "தாமதம்!" என்று எழுதினாள்.

நாலு நாள் உட்கார்ந்ததில் அவளுக்கு ஒன்று புரியவில்லை. மூன்று படகுகளில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. ஆனால் 'கே'யின் மேலும் 'எம்'மின் மேலும் ஒருத்தரும் ஏறவே இல்லை. கடல்காக்கைகள்தான் ஏறின. உதிரி பாகத்துக்குக் காத்திருக்கிறார்களா என்று கிடங்கில் கேட்டாள். அந்த இரண்டுக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றான் கிடங்குக்காரன்.

விடை ஞாயிற்றுக்கிழமை மதியம் க்வென்னின் சமையலறையில் கிடைத்தது.

அந்த வாரம் வீட்டில் சர்க்கரை இல்லை. புதன்கிழமையே தீர்ந்துவிட்டது என்று க்வென் சொல்லிவிட்டாள். ரேஷனில் அடுத்தது வரும்வரை வெறும் தேநீர்தான். சார்ஜன்ட் நாலு நாளாக முகத்தைச் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு மூன்று மணிக்குக் கதவைத் தட்டியவர் சபையின் பாதிரியார் மாடாக். க்வென் "வாங்க வாங்க" என்றாள், மாடிக்கு ஓடினாள், இறங்கி வந்தாள். அவள் கையில் ஒரு தகர டப்பா. பாதிரியாரின் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்தது.

சார்ஜன்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"தொப்பிப் பெட்டியிலேருந்து."

"தீந்துபோச்சுன்னியே!"

"தீந்துபோச்சுன்னு சொன்னாத்தான் மிச்சம் இருக்கும். இருக்குன்னு சொன்னா நீ விடுவியா? திடீர்னு ஒருத்தர் வந்து நின்னா நான் யார் மூஞ்சியில முழிக்கறது?"

பாதிரியார் கோப்பைக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஹில்டா க்வென்னைப் பார்க்கவில்லை, சார்ஜன்ட்டைத்தான் பார்த்தாள். வாதாட வாயைத் திறந்தவர், எதையோ நினைத்துக்கொண்டவர் போலச் சட்டென்று மூடிக்கொண்டார். காது மெல்லச் சிவந்தது.

பாதிரியார் போகும்வரை காத்திருந்தாள்.

"சார்ஜன்ட், 'கே' எப்ப முடிஞ்சது?"

சார்ஜன்ட் காலிக் கோப்பையைக் கரண்டியால் கிளறினார்.

"'எம்'?"

"...அது வந்து டீச்சரம்மா..."

"எத்தனை நாளாச்சு?"

"'கே' ஆறு நாள். 'எம்' அஞ்சு நாள்." அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். "உங்களுக்குத் தெரியாது. காலைல நாலு மணிக்கு மேலதிகாரி ஃபோன் பண்ணி, இப்பவே இன்னொரு படகு வேணும்பார். இல்லைன்னு சொன்னா நான் உதவாக்கரை. அதனால எப்பவும் முடிஞ்ச ஒண்ணைச் சிவப்புலயே வச்சிருப்பேன். கேட்டதும், ராத்திரி முழுக்க ஆளைப் போட்டு முடிச்சிட்டோம் சார்னு எடுத்துக் குடுப்பேன். எல்லாத் தளத்துலயும் எல்லா சார்ஜன்ட்டும் செய்யறதுதான். முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன். நீங்க வந்து வெள்ளையெல்லாம் தொடைச்சு விட்டதும் பயமாப் போச்சு. ரெண்டாக்கிட்டேன்."

"அப்ப ஒரு சோதனைக்கு உண்மையிலேயே எத்தனை நாள்?"

"ஆறு."

ஹில்டா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது என்று படிவம் சொன்னது. பதினோரு மாதம் அந்த ஒன்பதை அவளே கூட்டியிருக்கிறாள். நாடு முழுக்க எத்தனை தளம், எத்தனை சார்ஜன்ட், எத்தனை தொப்பிப் பெட்டி! மேலே இருந்த அத்தனை மேதைகளும் அந்த எண்ணின்மேல் கணக்குக் கட்டியிருந்தார்கள். யாரும் ஒரு பீப்பாயின்மேல் உட்கார்ந்து பார்த்ததில்லை, அவள் உட்பட.

கோபப்படலாம் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. க்வென்னும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனால் தன்னைத் திட்ட வந்த புருஷன் மாட்டிக்கொண்டது முழுதாகப் புரிந்தது.

"விங் கமாண்டர்கிட்ட சொல்லப்போறீங்களா?" என்றார் சார்ஜன்ட், ஜன்னலைப் பார்த்தபடியே. "என் சார்ஜன்ட் பட்டையைப் பிடுங்கிடுவார்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ரெண்டு படகு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, அவ்வளவுதானே. நாளைக்குத் தண்ணி ஏறறப்ப இறக்கிடுங்க. அதுக்கப்புறம் நானும் நீங்களும் உக்காந்து ஆறு நாளுக்கு அட்டவணை போடலாம்."

"நானுமா?"

"தொப்பிப் பெட்டி வச்சிருக்கறவர் நீங்கதானே."

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் அட்டவணை புதிதாகப் பிறந்தது. மூன்று படகுகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. முடிந்தது அன்றே இறங்க வேண்டும், அடுத்தது அன்றே ஏற வேண்டும். அங்கேதான் சார்ஜன்ட் பென்சிலைப் பிடுங்கினார். கடல் நன்றாக ஏறியிருக்கும்போதுதான் படகைச் சரிவில் இழுக்க முடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். ஹில்டாவின் பழைய அட்டவணையில் இதற்கு ஒரு கட்டமே இல்லை. நாலு மணிக்கு ஆட்கள் தேநீருக்குப் போய்விடுவார்கள். அந்த வேளையில் கடல் ஏறி இறங்கினால், அடுத்த பகல் ஏற்றம்வரை படகு சும்மா நிற்கும்.

"அப்ப தேநீரை நகர்த்தணும்," என்றாள் ஹில்டா.

"தேநீரையா?" சார்ஜன்ட் முகத்தில் நிஜமான அதிர்ச்சி. குண்டு விழுந்தபோதுகூட அவர் அப்படி ஆனதில்லை என்று க்வென் பிற்பாடு சொன்னாள். "டீச்சரம்மா, பலகையைக் கெடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். இது வேண்டாம். பசங்க கலகம் பண்ணுவாங்க."

"பியானோவே நகரும் சார்ஜன்ட்."

அவருக்கு இது விளங்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

போர்த்லாஸில் அன்று முதல் தேநீர் கடலோடு சேர்ந்து நகர்ந்தது. திங்கள் மூன்றே காலுக்கு, செவ்வாய் நாலு ஐந்துக்கு, புதன் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். முதல் இரண்டு நாள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் கொட்டகைக் கதவில் 'இன்றைய தேநீர்' என்று சாக்கட்டியால் எழுதிவைத்தான். பிறகு அதற்குப் பந்தயம் கட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். படகுகள் ஏறின, இறங்கின, பறந்தன. மூன்றாவது வாரம் இருபத்தொன்று. நாலாவது இருபத்திரண்டு. ஐந்தாவதும் இருபத்திரண்டு. சார்ஜன்ட் வெளியில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குளியலறையில் அவர் கீழ்க்குரல் உரக்கக் கேட்டது.

கடைசி வாரம் வெள்ளிக்கிழமை, எண்ணிக்கை நூற்று ஐந்தில் நிற்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மேலிடத்து அதிகாரி ஏர் கமடோர் ட்ரஸ்காட் வந்து இறங்கினார். விங் கமாண்டர் பின்னால் ஓட, நேரே கரும்பலகைக்கு எதிரே போய் நின்றார். மூன்று சிவப்பு. ஒன்றில் ரேடியோ பழுது. நாலு கட்டங்கள் காலி, வெளியே போயிருந்தன. வெள்ளை ஒன்றே ஒன்று.

"ஒன்பதில் ஒன்று," என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் மோசம். "லசெல்ஸ், போன வருஷம் நான் வந்தப்ப ஆறு இருந்தது. இது யாரோட யோசனை?"

ஹில்டா ஓர் அடி முன்னால் வந்தாள். "என்னோடது சார்."

அவர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சீருடை இல்லை, கம்பளிச் சட்டை, கழுத்தில் கடிகாரம். "கணக்குப் பிரிவா? புரியுது. இன்னிக்கே நிறுத்துங்க. இந்த நிமிஷம் ஒரு கப்பல்கூட்டத்துக்கு ஆபத்துன்னு செய்தி வந்தா நான் எதை அனுப்பறது? அந்த ஒண்ணையா?"

ஹில்டாவிடம் பதில் இருந்தது. மூன்று பக்கம் இருந்தது, வரைபடத்தோடு. எந்த வரியில் தொடங்குவது என்று தேடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கனத்த தொண்டை செருமியது.

"சார், ஒரு வார்த்தை."

"சொல்லு சார்ஜன்ட்."

"நாலு படகு ஏற்கனவே கடல்மேலதான் சார் இருக்கு. ஆபத்து வர்ற இடத்துலயே. ரேடியோல ஒரு வார்த்தை சொன்னா திரும்பிடும். போன வருஷம் நீங்க பாத்த ஆறும் இதோ இங்க வாசல்ல மிதந்துகிட்டிருந்துச்சு. அதுங்க பெட்ரோல் நிரப்பி, ஆளை எழுப்பி, கிளம்பி, அங்க போய்ச் சேர நாலு மணி நேரம்."

ஏர் கமடோர் பலகை பக்கம் திரும்பினார். சார்ஜன்ட்டுக்குத் தைரியம் வந்துவிட்டது. அல்லது நிறுத்த முடியவில்லை.

"நாலு வருஷம் இந்தப் பலகையை அழகா வச்சிருந்தவன் நான்தான் சார். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீர்மூழ்கிக்காரன் வந்து பலகையைப் பாக்கறதில்லையே."

விங் கமாண்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஏர் கமடோர் காலிக் கட்டங்கள் நாலையும் இன்னொரு தரம் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஆறு வாரக் கணக்கு எத்தனை?"

"நூத்தி அஞ்சு சார், இன்னிவரைக்கும்," என்றாள் ஹில்டா. "முன்னாடி ஆறு வாரத்துக்கு எண்பது. ஞாயித்துக்கிழமை ராத்திரி முடியுது."

"அப்ப ஞாயித்துக்கிழமை முடியட்டும்," என்றார் அவர். தொப்பியைப் போட்டுக்கொண்டார். "தேநீர் கிடைக்குமா இங்க?"

"ஆறு இருபதுக்கு சார்," என்றான் கதவோரம் நின்ற ஒரு மெக்கானிக், யோசிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிப் படகு இறங்கியபோது நூற்றுப்பன்னிரண்டு. வெளியே போன படகுகளில் ஒன்று ஒரு நீர்மூழ்கியைத் தண்ணீருக்கடியில் போய் ஒளியும்படி விரட்டியிருந்தது. அன்று அந்தப் பக்கமாக வந்த ஒரு கப்பல்கூட்டம் சேதமில்லாமல் கடந்துபோனது. மேற்பார்வை அம்மாவுக்கு ஹில்டா ஒரு கடிதம் எழுதினாள், அந்த நாற்காலியை இனி வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று.

டாக்டர் கிட்டோவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். சார்ஜன்ட் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தார். முதல் இரண்டு வாரச் சரிவுக்குக் காரணம் என்ற இடத்தில், 'கணக்குப் போட்டவர் படிவத்தில் இருந்த எண்ணை நம்பினார். இடத்தில் நின்று பார்க்கவில்லை' என்று இருந்தது.

"என் பேரு எங்கயுமே இல்லையே."

"காப்பாத்தியிருக்கேன் சார்ஜன்ட்."

"அது சரி. அந்தப் பக்கத்துல வேண்டாம்." அவர் தாளைப் புரட்டினார். "இந்தக் கடல் ஏற்றம், தேநீர் விஷயம் வருதே, இந்தப் பக்கத்துல போட்டிருக்கலாமில்ல?"

ஹில்டா பேனாவை மையில் நனைத்தாள். "ப்ரொதெரோ. ஸ்பெல்லிங்குல கடைசி எழுத்து 'ஓ'வா, 'ஈ'யா?"

"'ஈ'," என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பெரிசாவே எழுதுங்க."